போராட்டங்களை ஆராய்கிறவர்களுக்கு ஒரு சட்ட உதவி நிதி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோலாலம்பூரில் விரிவுரையாளர்கள், ஆய்வு மாணவர்கள், வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு சட்ட உதவி நிதியைத் தொடங்கியிருக்கிறோம். மக்கள் போராட்டங்களை ஆராய்கிற ஒருவரைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்தால், அவர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும். இந்த நிதி அதற்காகத்தான்.

மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக இண்ட்ராப் இயக்கம் பேரணிக்கு அழைத்த 2007 நவம்பர் 25-ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பத்துமலைக் கோயில் வளாகத்தில் கூடியிருந்தவர்கள் மேல் விடிவதற்குள் கண்ணீர்ப்புகை வீசினார்கள், தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கோலாலம்பூரின் ஜாலான் அம்பாங் சாலைப் பக்கமும் அதேதான் நடந்தது. அடுத்த மாதமே இண்ட்ராப் தலைவர்கள் ஐவரை, வழக்கே இல்லாமல் தடுத்துவைக்க விட்ட இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். இவ்வளவும் பழைய நாளிதழ்களில் இருக்கிறது. ஆனால் அன்று அங்கே நின்ற ஓர் அம்மா எந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், தோட்டத்தைத் துண்டாடிய பிறகு எங்கே குடிபோனார், என்ன துணிச்சலில் தெருவுக்கு வந்தார் என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் உண்டு. அன்று வந்தவர்கள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. நம் ஆய்வாளர்கள் செய்வது இந்த வேலையைத்தான்.

அப்படி வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு மாணவியை விசாரணைக்கு அழைத்தார்கள். காலையில் உள்ளே போனவர் மாலைவரை வெளியே வரவில்லை. "யார் யார் பேசினார்கள், வீடு எங்கே, காசு கொடுப்பது யார்" என்று அதட்டி அதட்டிக் கேட்டிருக்கிறார்கள். கைப்பேசியும் மடிக்கணினியும் பறிபோயின. யாரைக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை. அப்புறம் அவரிடம் பேசியிருந்த ஒரு பாட்டி கேட்டது எங்களை உலுக்கிவிட்டது: "எங்க பேரும் அதுல இருக்குமா, பாப்பா?" ஆய்வாளரின் கருவியைப் பிடுங்கினால், அவரை நம்பி வாய்திறந்த அத்தனை பேரும் மாட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் பணம் திரட்டக் கிளம்பியதற்கு முதல் காரணம் அந்தப் பாட்டியின் கேள்வி.

இந்த நாட்டில் இது புதிதல்ல. 1974-ல் ரப்பர் விலை சரிந்து கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரச் சிறு விவசாயிகள் பட்டினியில் கிடந்தபோது, அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். கிராமத்து வறுமையை ஆராய்ந்துவந்த மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சையத் ஹுசின் அலியை அந்தச் சமயத்தில் கைது செய்து, வழக்கே இல்லாமல் 1980 வரை வைத்திருந்தார்கள். விசாரணையில் தன்னை அடித்ததைப் பிற்பாடு அவரே எழுதினார். வெளிநாட்டு நிலைமை இதைவிடக் கொடுமை. எகிப்தில் தெரு வியாபாரிகளின் சங்கங்களை ஆராய்ந்த இத்தாலிய மாணவர் ஜூலியோ ரெஜெனி 2016 ஜனவரியில் கெய்ரோவில் காணாமல் போனார். சில நாளில் சித்திரவதைத் தழும்புகளோடு உடல் சாலையோரம் கிடைத்தது. அவருக்கு வயது 28. அந்த நாட்டுப் பாதுகாப்பு அதிகாரிகள் நால்வர் மேல் ரோமில் வழக்கு நடத்த வைத்தது அவருடைய குடும்பத்தின் விடாப்பிடி.

இசா 2012-ல் போய்விட்டது, சரி. அதன் இடத்தில் வந்த சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம், நீதிமன்றத்துக்குக் கொண்டுவராமலே 28 நாள்வரை தடுத்துவைக்க வழிவிடுகிறது. சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு முன்பே உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. அந்த முதல் மணி நேரத்தில் போன் அடித்தால் எடுக்க ஓர் ஆள் வேண்டும். இரவு இரண்டு மணி ஆனாலும் சரி.

முதல் ஆண்டுக்கு 60,000 ரிங்கிட் தேவைப்படுகிறது. வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்காமல் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என்றாலும் பயணம், நீதிமன்றச் செலவு, ஜாமீன் ஏற்பாடு என்று பணம் கரைகிறது. பாதிப் பணம் அதற்குப் போகும். மீதியில் பேட்டிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பான சேமிப்பு வசதி, பேசியவர்களின் பெயர்களைத் தனியே பிரித்து வைக்கும் வேலை, தமிழில் ஒரு சின்னச் சட்டக் கையேடு. விசாரணைக்குப் பிறகு தூக்கம் கெட்டுத் தவிப்பவர்களுக்கு மனநல ஆலோசனையும் உண்டு.

பத்து ரிங்கிட் ஆனாலும் கொடுங்கள். அரசியல் கட்சிகளிடம் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், அதனால் பொதுமக்களை நம்பித்தான் இருக்கிறோம். வருமான வரிக் கழிவு கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ரசீது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் எல்லாருக்கும் வரும். உதவி பெற்றவர்களின் பெயர் மட்டும் அதில் இருக்காது.

பணம் கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வந்தால் பேட்டிகளைக் கேட்டு எழுத்தில் இறக்க மிகவும் உதவியாக இருக்கும். தோட்டத்துப் பேச்சு உங்களுக்குப் புரிகிற மாதிரி எங்கள் இளையவர்களுக்குப் புரிவதில்லை.

வங்கிக் கணக்கு விவரத்தை இந்த வேண்டுகோளை உங்களிடம் கொடுத்த குழு உறுப்பினரிடமே கேட்டு வாங்குங்கள். வேறு யாராவது எங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள், உடனே எங்களிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
நிதிக் குழுவினர்,
கோலாலம்பூர்