கார்டு பூட்டுப் பணி: நிறைவுக் கணக்கும் செயற்குழுவின் விளக்கமும்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆவணியில் தொடங்கிய வேலை தீபாவளிக்கு நாலு நாள் முன்பு முடிந்தது. வாசலில் உள்ள சின்ன கேட், பி பிளாக் மாடிப்படிக் கதவு, சி பிளாக் மாடிப்படிக் கதவு மூன்றும் இப்போது கார்டு காட்டினால் திறக்கின்றன. வீட்டுக்கு இரண்டு வீதம் 48 வீடுகளுக்கும் 96 கார்டுகள் கொடுத்தாகிவிட்டது. பொதுக்குழு அனுமதித்த தொகை 1,20,000 ரூபாய். ஆன செலவு 1,37,600 ரூபாய். கூடுதலான 17,600 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லத்தான் இந்த அறிக்கை இவ்வளவு நீளமாகிறது.

“வயர்லெஸ் என்று சொல்லித்தானே கை தூக்கச் சொன்னீர்கள், அப்புறம் வயருக்கு எதற்குப் பணம்?” என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கே நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கார்டுக்குக் கதவு திறக்கலாம் என்று முடிவு செய்யும் பெட்டிதான் பேனல். இந்தப் பேனலில் வயர்லெஸ் என்பது பேச்சுக்கு மட்டும்தான், கரண்டுக்கு இல்லை. பி, சி பிளாக் கதவுகளில் கார்டைக் காட்டியதும் அதைப் படிக்கும் கருவியான ரீடர் கார்டின் எண்ணை ரேடியோ அலையில் ஏ பிளாக்கில் உள்ள பேனலுக்குச் சொல்கிறது. பேனல் சரி என்றால் பூட்டு விடுகிறது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதியுள்ள 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது நடக்கிறது. முதலில் காட்டிய சாம்பிள் 915 மெகாஹெர்ட்ஸ் ஆனதால் வேண்டாம் என்று திருப்பினோம். பிளாக்குகளுக்கு நடுவே புதிதாகப் போட்ட தரைக்கல்லைப் பெயர்க்காமல் தப்பித்தது இந்த ரேடியோவால்தான். ஆனால் கதவைப் பிடித்து வைத்திருப்பது மேக்னட் பூட்டு. கதவு சாத்தியிருக்கும் நேரம் முழுவதும் அதற்கு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது செம்புக் கம்பியில்தான் வரும்.

பேனலை வாட்ச்மேன் அறையிலேயே வைத்திருந்தால் வயர் மிச்சம் என்று சொன்னவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். நாம் இருப்பது வேளச்சேரியில். 2015 டிசம்பர் வெள்ளத்தில், தூண்களுக்கு நடுவே உள்ள கீழ்த்தள ஸ்டில்ட் பார்க்கிங்கில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்பதற்குத் தூணில் கோடு இன்னும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை மறுபடி இழந்தோம். கீழே எந்த மின்பெட்டியும் வைப்பதில்லை என்று அதன் பிறகு நாமே தீர்மானம் போட்டிருக்கிறோம். அதனால் பேனலும் பேட்டரியும் ஏ பிளாக் முதல் மாடித் திருப்பத்துக்குப் போயின. அங்கிருந்து சின்ன கேட்டுக்கு 34 மீட்டர். இந்த முடிவுக்குச் செயற்குழு முழுப் பொறுப்பு ஏற்கிறது. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வோம்.

ஒப்பந்தக்காரரோடு வந்த தகராறு இந்த 34 மீட்டரில்தான். பூட்டுக்கான கரண்டையும் அவர் கம்ப்யூட்டர்களை இணைக்கும் மெல்லிய லேன் வயரிலேயே இழுத்துவிட்டார். பூட்டு மாட்டிய அன்றே பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தோளால் முட்டியதும் கேட் திறந்துகொண்டது. பூட்டு பழுது, புதிதாக வாங்க 8,500 ரூபாய் கொடுங்கள் என்றார். இரண்டு நாள் கழித்து, கேட்டே கோணல் என்றார். ஏ-104இல் இருக்கும் ஐயா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மல்டிமீட்டரோடு இறங்கி வந்து அளந்தார். பேனல் பெட்டியில் 12 வோல்ட், கேட்டில் 9.7 வோல்ட். மீதி அந்த மெல்லிய வயரிலேயே போகிறது. ஒப்பந்தக்காரர் மீட்டரை நம்பவில்லை. எனவே பூட்டைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய், பேனலுக்கு அருகிலேயே ஒரு முழ வயரில் இணைத்தோம். மேக்னட்டில் ஒட்டும் இரும்புத் தகடு இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை. அதை அவர் கண் முன்னால்தான் செய்தோம். மறுநாளிலிருந்து 19 நாள் அவர் ஆட்கள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

ஆயுத பூஜை அந்த நாட்களில்தான் வந்தது. மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, சணல் கயிற்றால் கட்டிய சின்ன கேட்டுக்கு முன்னால் நின்றபோது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது. செயலாளர் கமிஷன் வாங்கியிருப்பார் என்று அந்த வாரம் பேசியவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில், கீழே உள்ள ஒவ்வொரு பில்லும்.

கடைசியில் வெளியிலிருந்து எலெக்ட்ரீஷியன் அழைத்தோம். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமனுள்ள செம்பு வயர் தனிப் பைப்பில் இழுத்தார். கேட்டில் இப்போது 11.6 வோல்ட் நிற்கிறது. பூட்டு விடும்போதெல்லாம் பேனல் அணைந்து மறுபடி உயிர் பெற்றுக்கொண்டிருந்ததற்கும் காரணம் கண்டுபிடித்தவர் அவர்தான். மேக்னட்டில் கரண்டை நிறுத்தும் நொடியில் எதிர்த்துப் பாயும் மின்னழுத்தத்தைத் தணிக்கப் பூட்டின் முனைகளில் ஒரு டையோடு, அதாவது கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம், போட வேண்டும். போடாமல் விட்டிருந்தார்கள். சில ரூபாய்ப் பொருள் அது. பூட்டுத் தகட்டை இறுக்கி முடுக்கியிருந்ததையும் தளர்த்தி, ரப்பர் வாஷரோடு கொஞ்சம் ஆட விட்டார். அப்போதுதான் அது மேக்னட்டின் முகத்தில் சமமாகப் படியும்.

ஒப்பந்தக்காரருக்கு நிறுத்தி வைத்திருந்த 15,000 ரூபாயில் எலெக்ட்ரீஷியன் கூலி 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்தோம். முழுவதையும் பிடித்திருக்கலாம் என்கிறார்கள். பி, சி பிளாக் வேலையை அவர் குறையில்லாமல் முடித்திருந்தார். அதற்கான கூலியை மறுப்பது சரியல்ல என்று பெரும்பான்மையாக முடிவெடுத்தோம்.

கூடுதல் செலவு இப்படி: வயரும் பைப்பும் 9,400, இரண்டாவது பேட்டரியும் சார்ஜரும் 5,800, எலெக்ட்ரீஷியன் கூலி 6,000, பேனலுக்கு இரும்புப் பெட்டி, சில்லறைச் சாமான் 2,400. ஆக 23,600. பிடித்தம் 6,000 போக 17,600.

கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் பூட்டு தானாக விட்டுவிடுகிறதே, திருடன் வரமாட்டானா என்று பலர் கேட்டார்கள். தெரிந்தே தேர்ந்தெடுத்த வகை இது. தீப்பிடித்த இரவில் மாடிப்படிக் கதவு பூட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. உள்பக்கமுள்ள பச்சை எக்ஸிட் பட்டனும் பேனலைக் கேட்காமல் நேராகப் பூட்டின் கரண்டை வெட்டும். ஒரு 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, பூட்டும் பேனலும் ரீடரும் சேர்ந்து இழுத்தால் காகிதக் கணக்கிலேயே 9 மணி நேரம் வராது. இரண்டாவது பேட்டரி அதற்குத்தான். புயல் நாட்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் வாட்ச்மேன் அண்ணன் சின்ன கேட்டுக்குச் சங்கிலி போடுவார். மாடிப்படிக் கதவுகளுக்குச் சங்கிலி எப்போதும் கிடையாது.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும் தனிக் கார்டு கொடுத்துவிட்டோம். வாசலில் நின்று யாரையும் கூப்பிட வேண்டிய நிலை அவர்களுக்கு இனி இல்லை.

கூடுதல் தொகைக்காக வீட்டுக்கு வீடு வசூலிக்காமல் காத்தவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. நம் வழக்கப்படி வீட்டு எண் மட்டும் குறிப்பிடுகிறேன். ஏ-302 வீட்டார் 5,000. பி-101 குடும்பத்தார் 3,000. சி-204 அம்மா, காலஞ்சென்ற கணவர் நினைவாக 2,500. மீட்டரோடு வந்த ஏ-104 ஐயா 2,000. துபாயிலிருந்து அனுப்பிய பி-203 உரிமையாளர் 2,000. சி-301 தம்பதியர் 2,000. வாடகைக்கு இருந்தும் தாங்களாகவே முன்வந்த பி-303 தம்பிகள் நால்வர் 1,100. வேலை நடந்த நாளெல்லாம் ஆட்களுக்குக் காபி கொடுத்த ஏ-101 வீட்டுக்கும், ஏணி பிடித்தே கை காய்த்த வாட்ச்மேன் அண்ணனுக்கும் தனியாக நன்றி.

பி பிளாக் கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசர் இன்னும் வேகமாக அடிக்கிறது. இந்த வாரம் சரிசெய்யப்படும். கார்டு தொலைந்தால் அன்றே சொல்லுங்கள், அந்த எண்ணை உடனே நீக்க வேண்டும். பழைய பூட்டின் சாவிகளை அலுவலக அறையில் ஒப்படைக்கவும். பில்கள் எல்லாம் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை அங்கேயே மேசைமேல் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர், செயற்குழுவுக்காக