சிப்பிப்பாறை வளர்த்த மாமாவுக்கு, மெல்பர்னிலிருந்து

மெல்பர்ன்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். டிசம்பரில் நீங்களும் அத்தையும் வரும்போது வீட்டில் ஒரு நாய் இருக்கும். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட், காப்பகத்திலிருந்து எடுத்தது. நாங்கள் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் அது உங்கள் பொறுப்பு. சிப்பிப்பாறை நாய் வளர்த்த உங்களுக்கு முக்கால்வாசி தெரிந்ததுதான். மீதிக்காகவே இந்தக் கடிதம்.

இரண்டுமே மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுகிற இனம். அங்கே முயல் என்றால் இங்கே பக்கத்து வீட்டுப் பூனை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பாய்ந்துவிட்டால் கூப்பிடுவது காதில் ஏறாது, எதிரே வரும் காரும் கண்ணில் படாது. அதனால் வேலிக்கு வெளியே வாரை அவிழ்க்கவே கூடாது. விக்டோரியா மாநிலச் சட்டமும் அப்படித்தான்: 2019 ஜனவரியிலிருந்து வாய்மூடி கட்டாயமில்லை, பொது இடத்தில் வார் கட்டாயம்.

சாதாரணக் கழுத்துப்பட்டி இதற்கு ஆகாது. கழுத்தைவிடத் தலை ஒடுங்கியது. பயந்து பின்வாங்கினால் பட்டி காது வழியாகக் கழன்றுவிடும். இழுத்தால் மட்டும் இறுகுகிற அகலமான மார்ட்டிங்கேல் பட்டியைக் காதுக்குப் பின்னால் உயரத்தில் போடுங்கள். இழுக்கும்போது அதன் இரண்டு வளையங்களும் முட்டக் கூடாது, நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். முட்டினால் பட்டி தளர்வாக இருக்கிறது என்று பொருள். நீண்டு சுருளும் வார் வேண்டாம். முழு வேகத்தில் போய் அதன் முனையில் வெடுக்கென்று நின்றால் கழுத்து அடிபடும்.

எல்லாவற்றிலும் முக்கியம் தூக்கம். பந்தயக் கொட்டிலில் தனி அறையில் படுத்துப் பழகியது, தூங்கும்போது யாரும் தொட்டதில்லை. சில நேரம் கண் திறந்தபடியே தூங்கும். திடீரென்று தடவினால் எழும் முன்பே உறுமும், கடிக்கவும் கூடும். அது கோபமில்லை, திடுக்கிடல். எட்ட நின்று பெயர் சொல்லுங்கள், தலை தூக்கிப் பார்த்தபின் கிட்டே போங்கள். உறுமியதற்காக அதட்டவே வேண்டாம். அதட்டினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும்.

விலா எலும்பு இரண்டு மூன்று தெரியும், அதுதான் சரியான எடை. "பாவம், மெலிஞ்சு கிடக்கே" என்று அத்தை சோறு அள்ளி வைக்கக் கூடாது. சாம்பார், குழம்பு எதுவும் வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சாக்லேட்டும் விஷம்.

தோல் மிக மெல்லியது. உங்கள் நாய்க்குச் சிராய்ப்பாகப் போகிற முள் இதன் தோலைக் கிழித்து, தையல் போடும்படி செய்துவிடும். சதைப்பற்றும் குறைவு, வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்பு விழும். அதன் தடித்த மெத்தையை யாரும் இடம் மாற்ற வேண்டாம்.

கண்ணாடிக் கதவும் மாடிப்படியும் கொட்டிலில் பார்த்திராதவை. கதவில் கண் மட்டத்துக்குத் தாள் ஒட்டியிருக்கிறோம், கிழிக்காதீர்கள். படியில் இறங்கும்போது ஒரு கை மார்புக்கு முன்னால் இருக்கட்டும், ஒவ்வொரு காலாக வைக்க விடுங்கள். அவசரப்பட்டால் மொத்தப் படியையும் ஒரே தாவில் தாண்டப் பார்த்துக் காலை முறித்துக்கொள்ளும்.

டிசம்பர் இங்கே கோடை. நடை காலையில் வெயிலுக்கு முன் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம். அவ்வளவுதான், மற்ற நேரமெல்லாம் தூக்கம். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் வெளியே கூட்டிப் போகாதீர்கள்.

மருத்துவரிடம் போக நேர்ந்தால் கிரேஹவுண்ட் என்று முதலிலேயே சொல்லுங்கள். இதன் ரத்தத்தில் சிவப்பணு அளவு இயல்பாகவே கூடுதல், தைராய்டு அளவு குறைவு. இனம் தெரியாமல் அறிக்கையை மட்டும் பார்த்தால் நோய் என்று எண்ணத் தோன்றும். சில மயக்க மருந்துகள் இதன் உடம்பை விட்டு இறங்கவும் நேரமாகும்.

காவலுக்கு இதை நம்ப வேண்டாம், அநேகமாகக் குரைக்காது. பிடித்தவர் காலில் மொத்த உடம்பையும் சாய்த்து நிற்கும், முப்பது கிலோ. அத்தைக்கு முழங்கால் வலி இருப்பதால், அது கிட்டே வரும்போது உட்கார்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

அன்பு மருமகன்,
செல்வம்