வளைவின் போட்டோ

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு போட்டோ, ஒரு வார்த்தைகூட இல்லாமல். அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, கழுத்தெலும்பு தெரிகிறது என்று புலம்பினாள். நான் பின்னால் இருந்த வளைவைத்தான் பார்த்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ரோமில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் வளைவு, 315-ல் எழுப்பியது. அவன் 'தெய்வத் தூண்டுதலால்' ஜெயித்தான் என்று மேலே செதுக்கியிருக்கும். எந்தத் தெய்வம் என்று இருக்காது. 312-ல் மில்வியன் பாலத்துச் சண்டையில் வென்றது கிறிஸ்துவின் தயவால் என்று பின்னால் பேச்சு. வளைவிலோ சூரியன்தான் தேரேறி வருகிறான். யார் மனமும் நோகாமல் எழுதத் தெரிந்திருக்கிறது. உன் போட்டோவும் அந்த ரகம்தான்.

31 வருஷம் வகுப்பில் என்ன சொன்னேன்? ராஜா கனவு கண்டான், 313-ல் மிலானில் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்தான், ரோமாபுரி மாறியது. ஐந்து மார்க். நீ ஒன்பதாவது படிக்கும்போது, "ராஜா சொன்னா வீட்ல இருக்கறவங்க எப்படிப்பா மாறுவாங்க?" என்று கேட்டாய். அதிகப்பிரசங்கி என்றேன். அந்த வயதில் அப்படிக் கேட்க என் பெண்ணால்தான் முடியும். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

ரிட்டையர் ஆன பிறகுதான் உருப்படியாகப் படிக்கிறேன். கிறிஸ்தவம் வீடுகளில் பரவித்தான் அரண்மனைக்குப் போயிருக்கிறது. 250-ல் டெசியஸ் சக்கரவர்த்தி, எல்லோரும் பழைய சாமிகளுக்குப் பலியிட்டு சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும் என்றான். அடுத்த வருஷமே ரோம் ஆயர் கொர்னேலியு ஒரு கடிதத்தில் கணக்குச் சொல்கிறார்: சபை பராமரிக்கும் விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல். அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வேறு. அலெக்சாந்திரியாவில் மற்றவர்கள் சொந்தக்காரர்களையே தெருவில் போட்டுவிட்டு ஓட, கிறிஸ்தவர்கள் நோயாளிகளுக்குக் கிட்டே இருந்து பார்த்துச் செத்தார்கள் என்று அந்த ஊர் ஆயர் எழுதியிருக்கிறார். அவர் சொந்தக் கட்சி, கொஞ்சம் கூட்டியிருப்பார். ஆனால் ஜூலியன் எதிர்க்கட்சி. 361-ல் பட்டத்துக்கு வந்து பழைய மதத்தை மீட்கப் பார்த்தவன். தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்களே என்று அவனே அழுகிறான்.

அம்மா ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் கஞ்சி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நானும் மறக்கவில்லை. அந்தத் தூக்குவாளி இன்னும் இங்கேதான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. சம்பளம் எங்கும் போகாது.

போன வாரம் பெர்பெத்துவா என்ற பெண் எழுதியதைப் படித்தேன். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ், 203. 22 வயது இருக்கும், கைக்குழந்தைக்காரி. கிறிஸ்தவளானதற்காகச் சிறையில் இருந்துகொண்டு தன் கையால் எழுதியது. அப்பா வந்து, இதை விட்டுவிடு என்கிறார். அவள் அங்கே கிடந்த குடத்தைக் காட்டி, இதை வேறு பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். நானும் அப்படித்தான் என்கிறாள். கண்ணைப் பிடுங்குவதுபோலப் பாய்கிறார் மனுஷன். அடுத்த தடவை, என் நரைத்த தலையைப் பாரம்மா என்று காலில் விழுகிறார். மகளே என்று கூப்பிடவில்லை, சீமாட்டி என்கிறாராம். அவள் எழுதியதில் அந்த அப்பாவுக்குப் பெயர்கூட இல்லை. அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை.

சித்திரையில் நீ வந்திருந்தபோது அந்தச் சின்னச் சங்கிலியைக் காணோம் என்று இரண்டு நாள் தேடினாய். வாஷிங் மெஷினில் போயிருக்கும் என்றேன். போகவில்லை. நான்தான் எடுத்தேன். பீரோவில் என் சர்வீஸ் புத்தகத்துக்குள் இருக்கிறது, சிலுவையோடு. அம்மாவுக்குத் தெரியாது, அவளைக் கேட்காதே. போட்டோ வந்ததும் நானும் முதலில் உன் கழுத்தைத்தான் பார்த்தேன்.

கூரியரில் அனுப்பவா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? ஒரு வரி எழுது.

அப்பா