குடியாத்தம் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த அம்மாவுக்கு

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், குடியாத்தத்துலருந்து வேலூர் வர்ற பஸ்ஸு, லத்தேரி தாண்டும்போது மடியில எட்டாங்கிளாஸ் கணக்கு பேப்பர் கட்ட வெச்சுக்கிட்டு ஒண்ணு கூட திருத்தாம ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டிருந்தேன். "இன்னாம்மா, டீச்சரா?"ன்னு கேட்டீங்க. அவ்ளோதான், கொட்டிட்டேன் எல்லாத்தையும்... ராத்திரி பத்து மணிக்கு வர்ற வாட்ஸ்அப் மெசேஜ், ஆன்லைன்ல ஏத்தச் சொல்ற டேட்டா, பசங்க மேல எரிஞ்சு விழுறது.

நீங்களும் ரிட்டயர்டு டீச்சராம். அட்வைஸ் எதுவும் பண்ணல (அதுக்கே தனியா ஒரு நன்றி). என் செவப்பு பேனாவ வாங்கி மூடிய போட்டு பையில வெச்சீங்க, பேப்பர ரோல் நம்பர்படி அடுக்கி உங்க பூப்பொட்டலத்து வாழநார உருவி கட்டுனீங்க. "திங்கக்கிழமை ஸ்கூல்லயே அவு, வீட்ல தொடாத."

உலக சுகாதார நிறுவனமே 2019ல பர்ன்அவுட்ட, அதாவது வேலை அழுத்தத்துல ஆளு ஓஞ்சு போறத, வேலையால வர்ற பிரச்சனைன்னு பட்டியல்ல சேத்துருக்கு, நான் என்னடான்னா சோம்பேறி ஆயிட்டேன்னு என்னையே திட்டிட்டிருந்தேன்.

காட்பாடில எறங்கிட்டீங்க, பேரு கூட கேக்கல. ரொம்ப நன்றிம்மா. திங்கக்கிழமை மூணாவது பீரியட் ஃப்ரீ, அப்பத்தான் அவுத்தேன். நாரு காஞ்சு போயிருந்துச்சு, பேப்பர்ல மல்லி வாசன அப்படியே இருந்துச்சு.