2025 ஆண்டறிக்கை: அவசரம் என்றால் எந்த மருத்துவமனை?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் தீபாவளி ஒன்றுகூடலும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. மாதக் கூட்டம் ஒன்றுகூடத் தவறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். எஞ்சிய நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. அவசரம் என்றால் உறுப்பினர்கள் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சங்கமே முடிவுசெய்து அறிவிக்க வேண்டும் என்பது அது. கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம்மில் பலர் சிங்கப்பூரின் வடக்கே, உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டியின் 104 ஓய்வுக்கால வீடுகளிலோ, சுற்றியுள்ள புளோக்குகளிலோ தனியாகவோ துணையோடு இருவராகவோ வாழ்கிறோம். பிள்ளைகள் தொலைவில், பொங்கோலிலும் ஜூரோங்கிலும் இருக்கிறார்கள். நடு இரவில் நெஞ்சு வலித்தால் யாரிடம் கேட்பது?

கூட்டம் அன்றே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு தரப்பு, ஈசூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனைதான் என்றது. 2010இல் அது திறந்த நாளிலிருந்து அங்கேதான் சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் பார்க்கிறோம், ரயிலில் மூன்று நிறுத்தம்தான் என்றார்கள். மறு தரப்பு, 2024இல் அவசர சிகிச்சைப் பிரிவைத் திறந்த உட்லண்ட்ஸ் மருத்துவமனைதான் பக்கம் என்றது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர், வடக்கே பெரிய மருத்துவமனை ஒன்றுகூட இல்லாமல் தூரத்திலுள்ள டான் டோக் செங் மருத்துவமனைக்கு ஓடிய காலத்தை நினைவுபடுத்தினார். இன்று இரண்டு இருக்கின்றன, அதனால்தான் இந்தச் சண்டையே என்றார். அவர் சொன்னது உண்மை.

செயற்குழு இதை ஆண்டு முழுவதும் விசாரித்தது. எங்கள் முடிவு இதுதான்: சங்கம் எந்த மருத்துவமனையின் பெயரையும் சிபாரிசு செய்யாது. காரணத்தைச் சொல்லும் முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி, சொல்லுங்கள் என்று சொன்ன பிறகே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாயங்காலம். தேநீர் கொண்டுவந்தவளின் இடது கையிலிருந்து குவளை நழுவியது. தரையைத் துடைக்கக் குனிந்தவள் ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. களைப்பு என்று நினைத்தேன். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைத்தேன். காலையில் இடது கை எழவே இல்லை. அப்போதும் நான் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்கவில்லை. அவளுடைய மருத்துவக் கோப்பு எந்த மருத்துவமனையில் இருந்ததோ அங்கேதான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தில், டாக்சி பிடித்துத் தூரத்துக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக இவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?" எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தை நான் அவளைத் தூங்கவைத்துக் கழித்திருந்தேன். இன்றுவரை அவள் ரவிக்கைக்கு நான்தான் கொக்கி மாட்டுகிறேன்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கையையும் தூக்கும்போது ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு உடனே 995ஐ அழையுங்கள். மகனிடம் கேட்டுவிட்டு அழைக்கலாம் என்று இருக்காதீர்கள். மகனுக்கு அடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். 995ஐ அழைத்தால் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் வரும். எங்கே கொண்டுபோவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். உங்கள் நிலைமைக்குப் பொருத்தமான, பக்கத்திலுள்ள அரசாங்க மருத்துவமனைக்குப் போவார்கள். "எங்களுக்கு ஈசூன்தான் வழக்கம்" என்று வாசலில் நின்று வாதாடினால் நேரம்தான் போகும். வண்டியிலேயே இருதய வரைபடம் எடுத்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்வார்கள். நாம் டாக்சியில் போய் இறங்கினால் அந்த ஏற்பாடு எதுவும் இருக்காது. கோப்பு அங்கே இருக்கிறதே என்ற கவலையும் பழைய காலத்துக் கவலை. 2011 முதல் நடப்பில் உள்ள தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டின் வழியாக, ஓர் அரசாங்க மருத்துவமனையில் பார்த்ததை இன்னோர் அரசாங்க மருத்துவமனையில் எடுத்துப் பார்க்க முடியும். இது மட்டும் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்புலன்சில் போனால் வரிசையில் முந்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. வந்த முறையைப் பார்க்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்தானவர்கள் முதல் பிரிவு, அவசரமே இல்லாதவர்கள் நான்காம் பிரிவு என்று நிலைமையைப் பார்த்துத்தான் அழைப்பார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாமல் வண்டி மட்டும் வேண்டும் என்றால் 1777 எண் இருக்கிறது; அது கட்டணச் சேவை. குறிப்பிட்ட தனியார் மருத்துவமனைக்கே போக விரும்புகிறவர்கள் தனியார் ஆம்புலன்சைத்தான் அழைக்க வேண்டும். வீட்டுக்காரர்களோடு முன்கூட்டியே பேசி அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருப்பது அவசரமில்லாத நேரத்தில்தான். காய்ச்சல், சுளுக்கு, சிறு வெட்டுக்காயம் போன்றவற்றுக்கு முதலில் நம் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ (பாலிகிளினிக்) பார்க்கலாம். நம் கம்போங் அட்மிரல்ட்டியிலேயே, கீழே, உடனடிச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். 2014இல் சாங்கி வட்டாரத்தில் தொடங்கிய, முதலில் குடும்ப மருத்துவரைப் பாருங்கள் என்னும் 'ஜிபிஃபர்ஸ்ட்' திட்டத்தில் உள்ள மருத்துவர் பரிந்துரைத்து அனுப்பினால், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக் கட்டணத்தில் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறையும். செலவைப் பற்றி இன்னும் ஒன்று. அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் அந்தக் கட்டணத்தை, மருத்துவச் செலவுக்கான நம் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து எடுக்க முடியாது. வார்டில் சேர்த்தால்தான் முடியும். ஊரிலிருந்து அப்பா அம்மாவை நீண்டகால அனுமதியில் அழைத்துவந்து வைத்திருக்கும் உறுப்பினர்கள் தனிக் காப்புறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான்.

மருத்துவமனை எது என்று ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருந்த நாங்கள், ஆம்புலன்ஸ் வந்தால் வீட்டுக்குள் நுழைய முடியுமா என்று ஆண்டின் பிற்பாதியில்தான் யோசித்தோம். தொண்டூழியர்கள் வீடு வீடாகப் போய் வந்தார்கள். நானும் கூடப் போனேன்.

ஓர் அக்கா வீட்டில் குளியலறை அவசர இழுப்புக் கயிற்றைப் பார்த்தேன். தலைக்கு மேலே, துணிக்கொடிக் கம்பியில் சுருட்டிக் கட்டியிருந்தது. ஈரத் துண்டு போட இடைஞ்சலாக இருந்ததாம். வழுக்கி விழுந்தவரின் கைக்கு எட்டுவதற்காகத்தான் அந்தக் கயிறு தரைவரை தொங்குகிறது. முடிச்சை அவிழ்த்துத் தொங்கவிட்டேன். தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த பிறகுதான் அக்கா சரி என்றார். இன்னொரு வீட்டில் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு, சாவி சமையலறை ஆணியில். அண்ணன் படுக்கையறையில் விழுந்து கிடந்தால் யார் திறப்பது? இப்போது மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்திடம் இருக்கிறது. கேட்டவுடன் அந்த வீட்டு மக்சிக், அதாவது மலாய் அம்மா, கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர்கள் வீட்டுச் சாவி ஒன்றையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வீடு ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம், குளிர்பதனப் பெட்டியின் கதவில். பெயர், புளோக், வீட்டு எண், நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, அழைக்க வேண்டிய இருவரின் எண்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் அட்டையில் அதைச் சிவப்பில் எழுதினோம். தலையில் அடிபட்டால் மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது. ஊரிலிருந்து வரவழைக்கும் லேகியமும் சூரணமும் எழுத வேண்டுமா என்று பலர் தயங்கினார்கள். கட்டாயம் எழுத வேண்டும். அட்டையை ஆங்கிலத்தில் எழுதினோம். தமிழில் எழுதாதது ஏன் என்று ஒருவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதை வாசிக்கப் போவது வண்டியில் வருகிறவர். அவர் எந்த மொழிக்காரராக இருப்பார் என்று நமக்குத் தெரியாது. பின்பக்கத்தில் தமிழில் இருக்கிறது, நமக்காக.

தமிழ் மட்டுமே பேசும் உறுப்பினர்கள் 995இல் என்ன சொல்வது என்று பயப்படுகிறார்கள். புளோக் எண், வீட்டு எண், "நெஞ்சு வலி", "மூச்சு இல்லை" ஆகியவற்றை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகினால் போதும். மாதக் கூட்டங்களில் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினோம். தொலைபேசியை வைத்துவிடாதீர்கள், மூச்சு நின்றவருக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று எதிர்முனையில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மின்தூக்கி முகப்பில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி மாட்டியிருக்கிறது. உங்கள் புளோக்கில் இல்லையென்றால் பக்கத்துப் புளோக்கில் எந்த இடம் என்று இன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்று முன்பே சொல்லிவைக்கும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடலையும், நம்மால் முடியாத நிலையில் நமக்காக முடிவெடுப்பவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தையும் பற்றி வரும் ஆண்டில் தனிக் கூட்டம் போட எண்ணியிருக்கிறோம். அதை அவசரமாகப் பேச முடியாது. பிள்ளைகளையும் அழைத்துவர வேண்டும்.

இன்னும் அட்டை எழுதாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவந்தால் போதும். நானும் என் மனைவியும் மேசையில் உட்கார்ந்திருப்போம். அவள் மாத்திரைப் பெயரை வாசிப்பாள், நான் எழுதுவேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்