அந்துப்பூச்சி ஆர்வலர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் இரவில் விளக்கொளித் திரைக்கு வரும் பூச்சிகளைப் பார்க்கும் முகாம்களும் வழக்கம்போல் நடந்தன. வந்தவர்கள் எப்போதும் வருகிறவர்களே.

ஆண்டின் பெரும்பொழுது, நம் பெட்டிகளில் 'யூப்ரோக்டிஸ்' என்று சீட்டு எழுதிக் குத்திவைத்த மஞ்சள் அந்துப்பூச்சிகளைப் பிரிப்பதில் போயிற்று. இதற்கு இத்தனை நாளா என்று செயற்குழுவில் கேட்டதால் விளக்க வேண்டியிருக்கிறது. ஹூப்னர் 1819இல் நிறுவிய பேரினம் இது. அந்தப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் மாதிரிச் சிற்றினம் ஐரோப்பாவின் க்ரைசோரியா. பிற்பாடு ஆசிய, ஆப்பிரிக்க மஞ்சள் பூச்சிகளையும் வெள்ளைப் பூச்சிகளையும் இதே மூட்டையில் திணித்துவிட்டார்கள். எட்டு மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வில் இவை ஒரே கிளையில் சேரவில்லை. பழைய சீட்டிலுள்ள யூப்ரோக்டிஸ் ஸின்டிலன்ஸ் இன்று ஸோமெனா ஸின்டிலன்ஸ். ஆமணக்குக் கம்பளிப்பூச்சியான ஃபிரட்டெர்னாவை இப்போதைக்கு வேறு பேரினத்துக்கு நகர்த்தவில்லை.

இறக்கை நிறத்தை நம்பிப் பெயர் வைக்க முடியாது; வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். ஆண் பூச்சியின் வயிற்றை இடுக்கியால் மெல்ல மேலே நெட்டிக் கழற்றி, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, குழாயைக் கொதிநீரில் கால் மணி நேரம் நிறுத்த வேண்டும். குறைந்தால் கொழுப்பு ஒட்டிக்கொண்டு இணையும்போது பெண்ணைப் பிடிக்கும் பற்றுறுப்பின் வடிவம் மங்கும். கூடினால் சவ்வு கிழியும். வயிற்றுக்கும் பூச்சிக்கும் ஒரே எண் இல்லையென்றால் அத்தனையும் வீண். பெண் பூச்சியின் வால்குஞ்சத்தில் புழுவின் நச்சு மயிர் இருக்கும். வெறுங்கையால் தொட்டால் தடிப்புதான்.

படம் அனுப்புகிறவர்கள் எந்தச் செடி என்று எழுதுவதே இல்லை. புழுவானால் வயிற்றின் ஆறாம், ஏழாம் கணுக்களின் முதுகைப் பாருங்கள். நடுவில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு சிறு சுரப்பிப் புள்ளி தெரிந்தால் அது யூப்ரோக்டிஸ் சேர்ந்த துணைக்குடும்பத்துப் புழு. முருங்கை மரத்தில் கொத்தாக அடைவது யூப்டெரோட். அது வேறு குடும்பம். அந்தப் படம்தான் அதிகம் வருகிறது.

வரவு செலவில் ரசாயனம், கண்ணாடித் தகடு, ஊசி, நாப்தலின் போகக் கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி இரண்டாம் ஆண்டாகத் தொடர்கிறது. இடம் தந்தவர்களுக்கும் தேநீர் செலவை ஏற்றவர்களுக்கும் நன்றி.

அடுத்து, அதே துணைக்குடும்பத்தின் இன்னொரு பேரினமான லைமன்ட்ரியாவின் பெட்டி காத்திருக்கிறது. நுண்ணோக்கி ஒன்றே, அதன் முன் உட்காருகிறவரும் ஒருவரே. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இருவர் கிடைத்தால் பெட்டியைத் திறக்கலாம்; இல்லாவிட்டால் பழைய சீட்டோடு மூடியே இருக்கும்.