வலென்சியாவிலிருந்து அப்புச்சிக்கு

அன்புள்ள அப்புச்சிக்கு,

நான் நலம். அம்மிச்சிக்கு முட்டிவலி தேவலையா? இங்கே ஸ்பெயினில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்வயல்தான்.

போன ஞாயிறு வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். பாயெயா. அகலமான தட்டைச் சட்டியில் கோழி, முயல், மொச்சை மாதிரி ஒரு பயறு, குங்குமப்பூ எல்லாம் போட்டு வேகவைத்த சோறு. அரிசி விழுந்த பிறகு கிண்டவே மாட்டார்கள். ருசிதான், ஆனால் நம் நாக்குக்குக் காரம் பற்றவில்லை. மிளகாய்த்தூள் கேட்டேன். பெரியவர் பேசாமல் எழுந்துபோய் ஒரு சிவப்புத் தூள் டப்பாவைக் கொண்டுவந்தார். தாராளமாகத் தூவிக்கொண்டேன். துளி உறைப்பில்லை. "காரம் ஜாஸ்தியா? தண்ணீர் வேண்டுமா?" என்று அத்தனை கவலையாக விசாரிக்கிறார்! அது இனிப்பு மிளகாயை அரைத்த தூளாம்.

அவர் வீட்டம்மா, "அவர் பேச்சை எடுத்துக்கொள்ளாதே, அவர் ஒரு சொக்கர்ரோன்" என்றார்.

மறுநாள் ஆபீசில் அர்த்தம் கேட்டேன். ஒன்றைச் சொல்லி அதற்கு நேர்மாறாக நினைத்தால் 'இரோனிக்கோ'. குத்திக் காயப்படுத்தினால் 'சர்காஸ்திக்கோ'. சொக்கர்ரோன் வேறு ரகம்: ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டே ஆளை ஓட்டுகிறவர். பெண் என்றால் 'சொக்கர்ரோனா'. புது வழக்கு இல்லை, 1605-ல் வந்த 'தொன் கிஹோத்தே' நாவலிலேயே சத்திரக்காரன் ஒருவனை 'கொஞ்சம் சொக்கர்ரோன்' என்கிறார் செர்வாந்தெஸ். சத்திரத்தைக் கோட்டை என்று நம்பி வந்த கதாநாயகனுக்கு, கோட்டைத் தலைவனாகவே நடித்து வீரப்பட்டம் கட்டிவிடுகிறான் அந்த ஆள்.

எனக்குப் பிடித்தது அதன் வேர்தான். 'சொக்கர்ரார்' என்றால் மேலாகக் கருக்குவது. சட்டியில் அடிப்பிடித்த காந்தலுக்கு இங்கே 'சொக்கர்ராத்' என்று பேர், அதுவும் அதே வேர். நாம் கழுவிக் கொட்டுவதை இவர்கள் போட்டி போட்டுச் சுரண்டித் தின்கிறார்கள்.

நம் ஊர்க் குசும்புதான் அப்புச்சி, வேறென்ன? பீளமேடு ஏர்போர்ட்டில் அத்தனை பேர் அழுதுகொண்டிருக்க, "ஜன்னல் சீட்டு கிடைத்தால் கையை வெளியே நீட்டாதே கண்ணு" என்றீர்களே, அதைப் பெரியவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. உங்கள் ஊர் விமானத்தில் ஜன்னல் திறக்குமா என்று கேட்டார்.

மழை பெய்தால் மட்டும் மூடிவிடுவார்கள் என்றேன்.

உங்கள் பேரன்